வண்டி யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் செய்தி சேகரிப்பவர்கள், புதிய விதிகளை ஏற்க மறுத்து, ஏறக்குறைய கூண்டோடு நுழைவு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ராணுவ ரகசியம் கசிந்தால் சாவது சிப்பாய்தானே? அதைத் தடுக்க விதி போட்டால் என்ன தவறு? செயற்கைக்கோள் படமும் கைபேசியும் இருக்கும் காலத்தில் அட்டை போனால்தான் என்ன? அமெரிக்க ஊடகங்கள் மட்டும் யோக்கியமா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ஊடகம் அயோக்கியம் என்றே வைத்துக்கொண்டாலும் ராணுவம் போட்ட விதி அதனால் சரியாகிவிடாது.

சிப்பாயின் உயிரை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனம். ஆனால் அதற்கான விதிகள் முன்பே இருக்கின்றன; எழுதுவதற்குமுன் அவற்றைத் தேடிப் பார்த்திருக்கலாம். 2003 ஈராக் படையெடுப்பில் அமெரிக்கப் படைப்பிரிவுகளோடு சென்ற செய்தியாளர்கள் விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள். படையின் இருப்பிடம், துல்லியமான எண்ணிக்கை, அடுத்த நகர்வு ஆகியவற்றை எழுதக்கூடாது. இறந்தவரின் பெயரை, குடும்பத்துக்குத் தகவல் போகும்வரையோ 72 மணிநேரம் கழியும்வரையோ வெளியிடக்கூடாது. தளபதி சொன்னால் செயற்கைக்கோள் தொலைபேசியை அணைத்துவிட வேண்டும். அதன் அலையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்கள்தான் 2025இல் மறுத்தார்கள். ரகசியமென வகைப்படுத்தாத தகவலும் அனுமதி பெற்றே வெளியே வரவேண்டும் என்றது பென்டகனின் செப்டம்பர் குறிப்பு. அனுமதியில்லாத தகவலை ஊழியரிடம் கேட்டாலே அட்டை போகலாம் என்றது அதன் திருத்திய அக்டோபர் வடிவம். கேட்பதுதான் ஐயா அவர்கள் வேலை! டிரம்ப் அரசுக்கு இணக்கமான ஃபாக்ஸ் நியூஸே கையெழுத்திடவில்லை.

இனி, 'அட்டை போனால்தான் என்ன?' என்ற அந்த அலட்சியத்துக்கு வருகிறேன். தணிக்கை என்றால் சிவப்புப் பேனா என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேனா கடைசியில்தான் வரும். செய்தியாளர் எந்த வண்டியில் போகிறார், அவர் எழுதியது எந்த வண்டியில் திரும்புகிறது என்பதைப் பாருங்கள்.

1983 அக்டோபர் 25 அன்று கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியது. செய்தியாளர் எவரையும் கூட்டிப்போகவில்லை. எப்படியோ தீவுக்குள் போய்விட்ட சிலர், செய்தி அனுப்பலாமென்று குவாம் என்ற போர்க்கப்பலுக்குப் போய் அங்கேயே முடங்கினார்கள். மூன்றாம் நாள்தான் 15 பேரை ராணுவம் அழைத்துச் சென்றது. ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. வெட்டுவதற்கு வரி எங்கே இருந்தது?

எழுந்த கண்டனத்தால் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வினன்ட் சைடில் தலைமையில் குழு அமைத்து, 'பூல்' முறையைக் கொண்டுவந்தார்கள். சிலரை மட்டும் ராணுவம் கூட்டிப்போகும். அவர்கள் கொண்டுவருவதை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும். 1989 டிசம்பரில் பனாமாவில் சண்டை தொடங்கிச் சில மணிநேரம் கழித்துத்தான் அந்தப் பூல் போய் இறங்கியது. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் பந்தி எடுத்தபின் வண்டி அனுப்பிய கதை.

1991 வளைகுடாப் போரில் இது முழு இயந்திரமாயிற்று. கூடவே ஒரு அதிகாரி வருவார். அவர் பக்கத்தில் இருக்கும்போதே சிப்பாயிடம் பேச வேண்டும். எழுதியதைக் களத்திலுள்ள அதிகாரி பார்ப்பார். பிறகு அது ஜீப்பிலோ ஹெலிகாப்டரிலோ சவூதியின் தஹ்ரான் நகரிலிருந்த செய்தி அலுவலகத்துக்குப் போகும். தகராறு என்றால் அங்கே பேச்சு, தீராவிட்டால் பென்டகன், கடைசி முடிவு பத்திரிகை ஆசிரியருடையது. காகிதத்தில் எவ்வளவு ஜனநாயகம்! 1,300க்கும் மேற்பட்ட பூல் செய்திகளில் வாஷிங்டன்வரை போனவை ஐந்தே என்று பென்டகன் பெருமையாகச் சொன்னது. ஆனால் தரைப்போர் நடந்ததே 100 மணிநேரம். சில செய்திகள் தஹ்ரானுக்கு வந்துசேரவே மூன்று நாளுக்கு மேலாயிற்று. முகாமில் கிடக்கும் காகிதத்தை எடுத்துப்போக ஓட்டுநர் இல்லை, ஹெலிகாப்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றால் போதும். யாரும் எதையும் தடை செய்யவில்லை, செய்தி மட்டும் செத்துவிட்டது. முறையிட விதி உண்டு. வண்டி வராததற்கு எங்கே போய் முறையிடுவது?

2003இல் பெரிதாகத் திறந்துவிட்டதாகச் சொன்னார்களே, அந்த ஒப்பந்தத்திலும் ஒரு சின்ன விதி உண்டு: படையோடு போகிறவர் சொந்த வாகனம் வைத்துக்கொள்ளக்கூடாது. முன்தணிக்கையைப் பெரும்பாலும் கைவிட்டவர்கள் இதை மட்டும் விடவில்லை.

பென்டகனில் வண்டிக்குப் பதில் நடைபாதை. சுமார் 28 கிலோமீட்டர் நீளத் தாழ்வாரங்கள். 2025 மே மாதமே பல பகுதிகளுக்குத் துணையாள் இல்லாமல் போகக்கூடாது என்றாகிவிட்டது. அக்டோபரில் அட்டையும் போயிற்று. அந்தத் தாழ்வாரத்தில் செய்தி மட்டுமா கிடைக்கும்? கைவசமுள்ள செய்தியை ஒரு கர்னலிடம் காட்டி, "இது வந்தால் யாருக்காவது ஆபத்தா?" என்று கேட்கிற இடமும் அதுதான். "இரண்டு நாள் பொறுங்கள்" என்று அவர் சொல்லக்கூடிய இடமும் அதுதான். உங்கள் சிப்பாயைக் காப்பது அந்த உரையாடல், அதைத்தான் அடைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் படம் குண்டு விழுந்த குழியைக் காட்டும். உத்தரவு போட்டது யாரென்று காட்டாது.

2023இல் இஸ்ரேலிய ராணுவத்தோடு காஸாவுக்குள் போன சி.என்.என்., எடுத்த காட்சிகளை வெளியிடுமுன் ராணுவத்திடம் காட்டவேண்டும் என்ற நிபந்தனையை நேயர்களுக்கு அறிவித்தது. அப்படி ஒரு வரி திரையில் ஓடினால் அதை முதலில் படியுங்கள், கே. பிறகு படத்தைப் பாருங்கள்.