வாங்குவோர் கேள்வி-பதில்: புதிய விதிநூல் வந்தது, பழையதை என்ன செய்வது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிநூல்களைப் பற்றியவை. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் இந்த மேசை ஆட்டத்தை, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டார்கள். இப்போது இதை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் திருத்தி, 2024 செப்டம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையில் மூன்று நூல்களாகக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றின் விலையும் 49.99 டாலர்.

நாங்கள் ஐந்து பேர் ஆறு ஆண்டுகளாக 2014 விதிகளில் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் நண்பர் புதிய நூல்களை வாங்கிவிட்டு, எல்லோரும் மாற வேண்டும் என்கிறார். மூன்றையும் வாங்க வேண்டுமா? – டொராண்டோ

வேண்டாம். 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு', 'மான்ஸ்டர் மேனுவல்' இரண்டும் ஆட்டத்தை நடத்துபவருக்கு உரியவை. அவர்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டாரே. ஆடுபவர்களுக்குத் தேவைப்படுவது 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' ஒன்றே, அதிலும் மேசைக்கு ஒரு படி போதும்.

புதிய நூலைப் பற்றி எனக்கே இரண்டு மனம் இருக்கிறது. கடைசியில் சேர்த்திருக்கும் சொல்விளக்கப் பகுதிக்காகவே அதை நான் அடிக்கடி எடுக்கிறேன். முன்பெல்லாம் 'பிடித்து நிறுத்துதல்' பற்றிய விதியைத் தேடி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். வெறுங்கையால் சண்டையிடும் துறவியான மங்க் வகுப்பு (பாத்திரத்தின் தொழிலை இங்கே வகுப்பு என்பார்கள்) இப்போது சண்டையில் மற்றவர்களுக்கு ஈடாக நிற்கிறது. காயம் ஆற்றும் அடிப்படை மந்திரங்களுக்கு உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை இரு மடங்காகியிருக்கிறது. வாளை ஓங்குவதைத் தவிர வேறு வேலையில்லாதிருந்த போர்வீரர்களுக்கு, ஆயுதத்துக்கு ஆயுதம் வேறுபடும் தேர்ச்சிகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாலடின் என்னும் புனித வீரரின் 'ஸ்மைட்' அடியை மந்திரமாக்கி, அதற்கு ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் செயலையும் செலவழிக்க வைத்தது எனக்கு உவப்பில்லை. காட்டு வேட்டைக்காரரான ரேஞ்சரை, இலக்கைக் குறிவைத்துக் கூடுதலாகக் காயப்படுத்தும் 'ஹண்டர்ஸ் மார்க்' என்னும் ஒற்றை மந்திரத்தைச் சுற்றியே கட்டி, உச்சமான இருபதாம் நிலைக்கு ஏறியவருக்கும் அந்த மந்திரத்தின் பகடையை ஆறு முகத்திலிருந்து பத்து முகமாக்குவதையே பரிசாக வைத்திருப்பது கஞ்சத்தனம். முன்பு இனத்தோடு கட்டியிருந்த திறன் கூடுதலை அவிழ்த்து இப்போது பாத்திரத்தின் பின்புலத்தோடு கட்டியிருக்கிறார்கள். கயிறு மாறியிருக்கிறது, கட்டு அப்படியே இருக்கிறது.

கதையின் நடுவில் இருந்தால் அதை முடித்துவிட்டு மாறுங்கள். பழைய சாகசக் கதைநூல்களைப் புதிய விதிகளிலும் நடத்தலாம் என்பதால், உங்கள் அலமாரியில் இருப்பது வீணாகாது. 2003இன் தொடக்கத்தில் மூன்றாம் பதிப்பின் மூன்று நூல்களையும் முழு விலைக்கு வாங்கியவன் நான். அதே ஆண்டு ஜூலையில் 3.5 என்ற திருத்தம் வெளிவந்தது. கடைக்காரருக்கு அது முன்பே தெரியும் என்பதைப் பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு எந்த விதிநூலையும் பிறர் மேசையில் மூன்று முறை ஆடிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

புதிய நூலில், மனிதரும் எல்ஃப் என்னும் மாய இனத்தவரும் கலந்த 'ஹாஃப்-எல்ஃப்' இனமே இல்லை. நான்கு ஆண்டுகளாக ஆடும் என் பாத்திரம் இனிச் செல்லாதா? – சிங்கப்பூர்

பதிப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் பறிமுதல் செய்யமாட்டார், ஆடுங்கள்.

'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' பாதி விலைக்குக் கிடைத்ததால் உடனே வாங்கிவிட்டேன். வந்தது 2014ஆம் ஆண்டு நூல். விற்றவர் திரும்பப் பெற மறுக்கிறார். இது மோசடி இல்லையா? – பெங்களூரு

விற்பனைப் பக்கத்தின் படத்தையும் நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அதில் 320 பக்கங்கள் என்றும், வெளியான ஆண்டு 2014 என்றும் இருக்கின்றன. புதிய நூலுக்கு 384 பக்கங்கள். அட்டையும் வேறு: பழையதில் நெருப்பு அரக்கன், புதியதில் பொன்னிற டிராகன். இரண்டு நூல்களுக்கும் ஒரே பெயரை வைத்து, 'ஆறாம் பதிப்பு' என்று அழைக்காமல் விட்ட பதிப்பாளர் மீது எனக்கும் வருத்தம் உண்டு. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன். மற்றபடி, பாதி விலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டியதற்கு விற்றவர் பொறுப்பாக முடியாது. அது நல்ல நூல்தான், வைத்து ஆடுங்கள்.

இணையத்தில் முழு விலை கொடுத்து வாங்கிய புதிய நூலில் எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன; இரண்டே வாரத்தில் பக்கங்கள் கழன்றுவிட்டன. நண்பரின் நூலோடு ஒப்பிட்டால் தாளும் மெலிது. மகன் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியது. விற்பனைத் தளம் பதில் சொல்லவில்லை. – கோயம்புத்தூர்

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் கள்ள அச்சாகவே தோன்றுகிறது. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. கழன்ற பக்கங்களை ஒட்டாதீர்கள். உறை, ரசீது, நண்பரின் நூலுக்கு அருகில் வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலோர் அப்படி விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அச்சு நூல் வாங்குவதா, பதிப்பாளரே நடத்தும் 'டி அண்டு டி பியாண்ட்' தளத்தில் மின்நூல் வாங்குவதா? – சென்னை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தாலும், அங்கே உங்களுக்குக் கிடைப்பது படிப்பதற்கான அனுமதி மட்டுமே. விற்கவோ, கடன் கொடுக்கவோ, தங்கைக்கு விட்டுச்செல்லவோ முடியாது. 2024 ஆகஸ்டில் அந்தத் தளம், பாத்திரக் குறிப்பேடுகளில் இருக்கும் பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் புதிய வடிவங்களால் மாற்றப்போவதாக அறிவித்தது. பணம் கொடுத்தவர்கள் கொதித்தெழுந்ததால், சில நாட்களிலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றார்கள் என்று பாராட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என் அலமாரியில் இருக்கும் நூலின் 241ஆம் பக்கத்தை இரவோடு இரவாக யாராவது திருத்தி எழுத முடியுமா? அதே ஆண்டு மே மாதத்தில், நூல் முழுவதையும் வாங்காமல் வேண்டிய ஒரு வகுப்பையோ இனத்தையோ மட்டும் சில்லறையாக வாங்கும் வசதியையும் நிறுத்தினார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், மின்பொருளை விற்பவர் தாம் கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு மின்நூல் கடையில் நான் வாங்கிய பதினோரு நூல்களுக்கு இன்று என்னிடம் எஞ்சியிருப்பவை ரசீதுகள் மட்டுமே என்பதால், என் கோபத்தில் சொந்த நட்டமும் கலந்திருக்கிறது.

அச்சு நூலையே வாங்குங்கள். அதற்கும் முன்பு, விலையில்லாமல் கிடைக்கும் 5.2 அடிப்படை விதித் தொகுப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தன் விதிகளைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமத்தை 2023 ஜனவரியில் மாற்ற முயன்று எதிர்ப்பைச் சம்பாதித்த நிறுவனம், 2014 விதிகளின் பழைய 5.1 தொகுப்பை, யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் 5.2 தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. ஒருமுறை அப்படிக் கொடுத்ததை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

புதிய பதிப்புக்குப் புதிய பகடைகள் வாங்க வேண்டுமா? – பினாங்கு

வேண்டாம். உலோகப் பகடை வாங்கும் ஆசை இருந்தால், முதலில் உங்கள் மேசை கண்ணாடியா என்று பாருங்கள். என்னுடையது கண்ணாடி மேசையாக இருந்தது.

அக்காள் மகளுக்குப் பதின்மூன்று வயது. பிறந்தநாளுக்கு மூன்று நூல்களையும் சேர்த்து வாங்கித் தரலாமா? – மதுரை

அவளோடு ஆட மூன்று பேராவது இருக்கிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். இருந்தால், மேலே சொன்ன விலையில்லா விதிகளை அச்செடுத்து, ஒரு பகடைத் தொகுப்போடு கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாள்கள் கசங்கி, தேநீர்க் கறையோடு இருந்தால் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' வாங்கிக் கொடுங்கள். கதையை நடத்தும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டால் மற்ற இரண்டையும் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம்.