ஆம்பூர்ப் போருக்கு ஏன் இரண்டு தேதிகள்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கான் இறந்த நாளை ஒரு நூல் 1749 ஜூலை 23 என்கிறது, இன்னொன்று ஆகஸ்ட் 3 என்கிறது. பள்ளி ஆண்டு மலரில் எதைப் போடுவது?
– ஆசிரியை ஒருவர், ஆம்பூர்

பதில்: இரண்டும் ஒரே நாள்தான். மலரில் “1749 ஆகஸ்ட் 3 (ஆங்கிலேயரின் பழைய கணக்கில் ஜூலை 23)” என்று அச்சிடுங்கள். தமிழ்க் கணக்கையும் சேர்க்க விரும்பினால் சுக்கில வருஷம், ஆடி மாதம்.

போப் பதிமூன்றாம் கிரிகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்க நாடான பிரான்ஸ் அந்த டிசம்பரிலேயே மாறிவிட்டது. புராட்டஸ்டண்ட் இங்கிலாந்து, போப் சொன்னதை நாம் ஏற்பதா என்று 170 ஆண்டுகள் பழைய கணக்கிலேயே இருந்தது. 1752இல்தான் இறங்கி வந்தது: அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை புதுச்சேரியில் ஒரு தேதி, சென்னைக் கோட்டையில் அதைவிட 11 நாள் பின்தங்கிய தேதி. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்ததற்கும் செப்டம்பர் 10, செப்டம்பர் 21 என்று இரண்டு தேதிகள் கிடைப்பது இதனால்தான்.

வேறு தேதிகளையும் நீங்களே சரிபார்க்கலாம். முதலில், குறிப்பை எழுதியவர் யார் என்று பாருங்கள். பிரெஞ்சு ஆவணம் என்றால் தேதியைத் தொடவேண்டாம். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் 1700இல் மாறிவிட்டார்கள். அதற்குப் பிந்திய அவர்களுடைய தேதிகளும் அப்படியே இருக்கட்டும். ஆங்கில ஆவணமாக இருந்து, 1752 செப்டம்பர் 2க்கு உட்பட்டதாகவும் இருந்தால் 11 நாள் கூட்டுங்கள். 1700 பிப்ரவரி 28 வரையிலான ஆவணத்துக்கு 10 நாள் போதும். அடுத்து ஆண்டைக் கவனியுங்கள். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஓர் ஆங்கிலக் கடிதத்தில் “1749 பிப்ரவரி” என்றிருந்தால் அது நம் கணக்கில் 1750ஆக இருக்கக்கூடும். சிலர் 1749/50 என்று இரட்டையாக எழுதிவைத்தது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

பலரும் சறுக்குவது வேறோர் இடத்தில். பிற்காலத்து நூலாசிரியர் முன்பே மாற்றி எழுதிய தேதிக்கு நாமும் 11 நாள் கூட்டிவிடுகிறோம். ஆம்பூர்ப் போர் ஆகஸ்ட் 14க்குப் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கிழமை உதவும். நாள்காட்டி மாறியபோது தேதிதான் தாவியது, கிழமை தாவவில்லை. பழைய ஜூலை 23, புதிய ஆகஸ்ட் 3 இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. புதிய கணக்கில் ஜூலை 23 என்று வைத்துப் பார்த்தால் புதன்கிழமை வரும். எனவே மூல ஆவணத்தில் கிழமை குறித்திருந்தால் அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இஸ்லாமிய மாதமும் நல்ல சாட்சி. ஆற்காட்டுக் கோட்டையில் ராபர்ட் கிளைவை முற்றுகையிட்டிருந்த ராஜா சாகிப், 1751 நவம்பர் 14 அன்று, முகரம் நாட்களில், இறுதித் தாக்குதல் நடத்தினார் என்பது ஆங்கிலேயர் கூற்று. ஹிஜ்ரி 1165இன் முகரம் பிறந்ததோ புதிய கணக்கில் நவம்பர் 20 வாக்கில். அப்படியானால் அந்த நவம்பர் 14 பழைய கணக்கு. நமக்கு அது நவம்பர் 25. ஆற்காட்டில் நினைவு நாள் கொண்டாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: 1748இலேயே இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டனவே, பிறகு ஆற்காட்டில் எப்படி மோதின?
– கல்லூரி மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: எய்-லா-ஷபேல் உடன்படிக்கை கையெழுத்தானது 1748 அக்டோபரில். கனடாக் கரையோரத்து லூயிபூர்க் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்து, சென்னையை இங்கிலாந்து மீட்டுக்கொண்டதும் அதன்படிதான். அதன்பின் இங்கே இரு கம்பெனிகளும் தத்தம் அரசர் பெயரில் போரிடவில்லை. நவாப் பதவிக்குப் போட்டியிட்டவர்களின் துணைப்படை என்ற பெயரில் இறங்கினார்கள்: பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபுக்கு, ஆங்கிலேயர் முகமது அலிக்கு. 1756இல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்திலும் நேரடிப் போர். வந்தவாசி அந்தக் கணக்கில் வரும்.

கேள்வி: வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி உண்மையில் அயர்லாந்துக்காரரா?
– வாசகர், வந்தவாசி

பதில்: பிறந்தது பிரான்சில், 1702இல். தந்தை ஜெரார்ட் லாலி அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து போனவர். கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்காகப் போரிட்டுத் தோற்ற அயர்லாந்துப் படைக்கு, 1691இன் லிமெரிக் உடன்படிக்கை பிரான்சுக்குப் போக வழிவிட்டது. ஏறத்தாழ 14,000 வீரர்கள் கப்பலேறினார்கள். ஊரில் இருந்தவர்களைக் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நெருக்கியதால் பின்னரும் இளைஞர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிரெஞ்சு அரசர் அவர்களைத் தனி ரெஜிமெண்ட்டுகளாக வைத்திருந்தார். 1745இல் ஃபோன்தெனுவாவில் ஆங்கிலேயரைத் தாக்கியவர்களில் லாலியும் அவருடைய ரெஜிமெண்ட்டும் உண்டு. அதே ரெஜிமெண்ட்தான் வந்தவாசி வரை வந்தது.

எதிரே நின்றவரைப் பாருங்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிறந்தது அதே லிமெரிக் வட்டாரத்தில், அயர்லாந்தில் குடியேறிய புராட்டஸ்டண்ட் குடும்பத்தில். ஊரைவிட்டுப் போனவர்களின் மகன் ஒரு பக்கம், ஊரில் வந்து குடியேறியவர்களின் மகன் மறுபக்கம். மோதியது 1760 ஜனவரி 22இல், வந்தவாசிக்குப் பக்கத்துப் பொட்டலில். இரு தரப்பிலும் சிப்பாய்கள் நம்மவர்கள். “இங்கிலாந்து–பிரான்ஸ் போர்” என்று ஒரே வரியில் முடிக்கும் உள்ளூர் வரலாற்று நூல்கள் இத்தனையையும் விட்டுவிடுவது வருத்தம் தருகிறது. படங்களில் சட்டை நிறம் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும்: பிரெஞ்சு சேவையில் இருந்த அயர்லாந்து ரெஜிமெண்ட்டுகளுக்கும் சிவப்புச் சட்டைதான்.

போரின் நடுவே பிரெஞ்சு அணியின் காப்பரணில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்தது. அங்கிருந்தவர்கள் சிதறியதும் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. அதை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். 1749இல் ஆம்பூரில் போரிட்ட அதே புஸ்ஸிதான். ஓராண்டில், 1761 ஜனவரியில், புதுச்சேரியும் விழுந்தது. லாலி கைதியாக லண்டன் போய், தன்மேல் சுமத்தப்பட்ட பழிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தாமாகவே பாரிஸ் திரும்பினார். 1766 மே 9 அன்று தலை துண்டிக்கப்பட்டது. 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

இந்த வெற்றியால் தமிழுக்கும் ஒன்று கிடைத்தது. புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சு இயந்திரத்தைச் சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய மதபோதகர் ஃபப்ரிசியஸிடம் ஆங்கிலேயர் ஒப்படைத்தார்கள். அரசு வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சாகி வெளிவந்தது.

கேள்வி: வேலூர் ஊரிஸ் கல்லூரியின் பெயர் ஆங்கிலப் பெயராகத் தெரியவில்லையே? பாட்டனார் காலத்து மிஷன் பதிவுகளை எங்கே தேடலாம்?
– வாசகி, வேலூர்

பதில்: அது டச்சுக் குடும்பப் பெயர். இன்றைய நியூயார்க், டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்தது. 1664இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1667இன் பிரேடா உடன்படிக்கையில் அதை அவர்களே வைத்துக்கொள்ள, வாசனைப் பொருள் தீவான ரன் டச்சுக்காரர் வசம் நின்றது. குடியேறிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. 1628இல் தொடங்கிய தங்கள் திருச்சபையையும் விடவில்லை; நியூயார்க்கில் அதன் மேடையில் ஆங்கிலப் பிரசங்கம் ஏறவே 1764 ஆயிற்று. “டச்சு” என்ற சொல்லைச் சபை தன் பெயரிலிருந்து எடுத்து, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை (Reformed Church in America) ஆனது 1867இல். அந்தச் சபையின் ஆற்காடு மிஷன்தான் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவியது; ஊரிஸ் கல்லூரி அந்த மிஷன் வழி வந்தது.

பதிவுகளுக்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்சுவிக்கில் உள்ள சபையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பாட்டனார் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனையையும் தாருங்கள். ஊர், அன்றைய தாலுகா, ஏறத்தாழ எந்த ஆண்டு, ஞானஸ்நானமா திருமணமா பள்ளிச் சேர்க்கையா என்பதும் வேண்டும். மாவட்டப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். 1911க்கு முந்திய வட ஆற்காட்டில் சித்தூரும் அடங்கும். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. ஆரணிக்காரர் ஒருவரின் பதிவு இன்றைய வேலூர் மாவட்டப் பெயரில் தேடினால் கிடைக்காது.