பேனலில் 24 போர்டா, 32 போர்டா?

கேள்வி: எல்.இ.டி. டிரைவர் செய்யும் சிறு நிறுவனம் நாங்கள். போர்டு இரண்டு அடுக்கு, 102 × 70 மி.மீ. பேனலுக்கு (பல போர்டுகளை ஒன்றாகச் செய்து பிறகு வெட்டி எடுக்கும் பெரிய தகடு) 24 போர்டுதான் வரும் என்கிறார் பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்து தருபவர். கணக்குப் பார்த்தால் 40 சதவீதம் வரை வீண். செவ்வகங்களை நெருக்கி அடுக்கும் மென்பொருள் வாங்கினால் குறையுமா?

பதில்: மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் பிரச்சினை அடுக்குவதில் இல்லை, அந்த 70 மி.மீ.யில் இருக்கிறது.

பரவலாகப் புழங்கும் பேனல் 18 × 24 அங்குலம், அதாவது 457 × 610 மி.மீ. சுற்றிலும் 20 மி.மீ. ஓரம் விட்டால் கைக்கு வருவது 417 × 570. (இரண்டையும் அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.) இதில் அடுக்கப்படுவது உங்கள் தனிப் போர்டு அல்ல. பல போர்டுகள் ஒட்டியபடியே பாகங்கள் பொருத்தும் இயந்திரத்துக்குப் போகும் தொகுப்பு. வி-கட் (பிறகு ஒடித்துப் பிரிக்க V வடிவில் கீறும் கோடு) போட்டால் போர்டுகளுக்கு நடுவே இடைவெளி தேவையில்லை. ஆனால் கன்வேயர் பிடிக்க இரு பக்கமும் 5 மி.மீ. பட்டை வேண்டும், தொகுப்புகளுக்கு நடுவே 2 மி.மீ. வேண்டும்.

இப்போது 2 × 4 தொகுப்பைப் பாருங்கள். அகலம் 204, இரண்டு வைத்தால் 410, சரி. உயரம் 4 × 70 + 10 = 290; இரண்டு வைத்தால் 582. வெறும் 12 மி.மீ. இடிக்கிறது! அதனால்தான் அவர் 2 × 3 தொகுப்புக்கு இறங்கியிருப்பார்: 24 போர்டு, மேலே 128 மி.மீ. பட்டை குப்பைக்கு. போர்டை 68 ஆக்குங்கள். தொகுப்பு 282, இரண்டும் சேர்ந்து 566. அதே பேனலில் 32 போர்டு. பயன்பாடு சுமார் 61 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 80க்கு ஏறும்.

பெட்டி அச்சு வார்த்தாகிவிட்டது, 2 மி.மீ. குறைக்க வழியில்லை என்றால்? 102 மி.மீ. விளிம்புகளை ஒட்டி 5 மி.மீ.க்குப் பாகங்கள் இல்லாவிட்டால் கன்வேயர் பிடிக்கும் பட்டையையே எடுத்துவிடலாம். 280 × 2 + 2 = 562, அப்போதும் 32தான். ஃபிடுசியல் புள்ளிகளை (இயந்திரம் இடம் பார்த்துக்கொள்ளும் குறிகள்) மட்டும் போர்டுக்குள் கொண்டுவர வேண்டும். எந்த வழியானாலும் செராமிக் கெப்பாசிட்டர்களை வி-கட் கோட்டிலிருந்து தள்ளியே வையுங்கள். ஒடிக்கும்போது விரிசல் விடும்.

மென்பொருள் காட்டும் குறுக்கும் நெடுக்குமான அடுக்கல் திரையில் அழகாக இருக்கும். ஆனால் வி-கட் கத்தி இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை நேர்கோட்டில்தான் ஓடும், நடுவில் திரும்பாது. அப்படி அடுக்கினால் ரவுட்டிங்தான் (சுழலும் கருவியால் போர்டைச் சுற்றி அரிந்தெடுப்பது) கதி. போர்டுக்குப் போர்டு 2 மி.மீ.க்கு மேல் போய்விடும். பல அடுக்குப் போர்டானால், திருப்பி அடுக்கும்போது தகட்டிலுள்ள கண்ணாடி இழை நெசவின் திசை மாறும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வெவ்வேறு அளவு மாதிரிப் போர்டுகளை ஒரே பேனலில் போடுபவர்களுக்குத்தான் அந்த மென்பொருள் கைகொடுக்கும்.

அப்புறம், எட்டுப் போர்டுத் தொகுப்பில் ஒன்று பழுதானாலும் மொத்தத்தையும் ஒதுக்குகிறீர்களா? பழுதானதைக் குறியிட்டு அனுப்பினால் எத்தனை வரை ஏற்பீர்கள் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.