வீட்டுப் பத்திரத்தை பேங்கில் கொடுக்கும் முன் ஆறாம் தறியைப் பாருங்கள்

போன வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, இந்த ஆண்டு பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்த மகள். அப்பா பன்னிரண்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறார். உட்கார்ந்ததும் மகளின் மார்க்‌ஷீட்டுக்கு முன்னால் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸைத்தான் எடுத்து மேசையில் வைத்தார்.

"மச்சான் டல்லாஸ்ல இருக்காருங்க. எம்.எஸ். படிக்க வெச்சுட்டா அப்புறம் கவலையே இல்லைங்கறார். நாப்பத்தஞ்சு லட்சம் ஆகுமாம். பேங்க்ல பத்திரம் கேக்கறாங்க. குடுத்துரலாங்களா?"

பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள், பயப்படாதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. பத்திரத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. அன்று நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்த அப்பா படிக்கட்டும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும்.

முதலில் கணக்கு. 45 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும் இரண்டு ஆண்டிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதுவே 10 லட்சம். படிப்பு முடியும்போது கடன் 55 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 75,000 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 90 லட்சம். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் கட்டிவிடலாம், உண்மைதான். ஆனால் அங்கே நிலையாக வேலை பார்க்க எச்1பி விசா வேண்டும். அது உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 85,000தான், அதுவும் குலுக்கல். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். உங்கள் மச்சான் போன காலத்து விதிகள் இன்று இல்லை. இன்றைய விதிகள் உங்கள் மகள் படித்து முடிக்கும்போது இருக்குமா என்பதையும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளிபாளையத்தில் பன்னிரண்டு தறி ஓட்டும் ஒருவர், இருக்கிற ஒரே வீட்டை ஒரு குலுக்கலின் மேல் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கோடிங் கோர்ஸ், ஐடி கம்பெனி, பேங்க் தேர்வு, குரூப் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். எம்.எஸ்.ஸில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "ஏதாவது வி.எல்.எஸ்.ஐ. சார்" என்றாள். சிப் வடிவமைப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'ஏதாவது' என்று சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி ஆண்டு புராஜெக்ட் என்ன என்று கேட்டதும் பெண் வேறு ஆளாகிவிட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தால் ஓட்டுபவர் கவனிக்கும் வரை தறி ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் நீளவாக்கில் கோடு விழும், அந்தத் துணி இரண்டாம் தரமாகப் போகும். உங்கள் பழைய தறிகளில் பாவு அறுந்தால் தானாக நிற்கும் வசதி இல்லை. அதற்காக அவள் ஒரு சோப்பு டப்பாவுக்குள் சென்சாரை வைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, ஆறாம் தறியில் மாட்டியிருக்கிறாள். இழை அறுந்தால் தறி நின்றுவிடும். பிரச்சினை பஞ்சுத் தூசி. ஒரு மணி நேரத்தில் தூசி படிந்து சென்சாரின் கண்ணை மறைக்கிறது, இழை அறாமலே தறி நிற்கிறது. அந்தத் தூசியை எப்படி ஊதித் தள்ளுவது என்று இருபது நிமிடம் பேசினாள். நீங்கள் இடையில் "அது ஏதோ காலேஜ் புராஜெக்ட்டுங்க" என்றீர்கள்.

அதை அப்படித் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இப்படிப்பட்ட டப்பாவை விற்கக்கூடிய பொருளாக மாற்ற அரசாங்கம் பணம் கொடுக்கிறது. கடனாக இல்லை, நிதியாக.

ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி நிதி என்று 2025இல் டிவியில் கேட்டிருப்பீர்கள். அது உங்கள் மகளுக்கானது இல்லை. ஓரளவு நிரூபித்துவிட்ட தொழில்நுட்பத்தோடு வரும் நிறுவனங்களுக்கு நிதி மேலாளர்கள் வழியாகப் போகும் பணம் அது. நான் சொல்வது அதற்குப் பல படி கீழே இருப்பது, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2016இல் தொடங்கிய 'நிதி' என்ற திட்டக் குடும்பம். அதில் உங்கள் மகளுக்கு இரண்டு பொருந்தும்.

ஒன்று 'பிரயாஸ்'. யோசனை இருக்கிறது, முன்மாதிரி செய்யக் காசு இல்லை என்பவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், வெறும் மொபைல் ஆப் என்றால் எடுபடாது. உங்கள் பெண்ணின் டப்பா இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. இன்னொன்று 'இ.ஐ.ஆர்.' என்ற உதவித்தொகை. சம்பள வேலைக்குப் போகாமல் ஏறத்தாழ ஓராண்டு முழுநேரமும் தன் பொருளின் மேல் உழைக்க, மாதம் 30,000 ரூபாய் வரை கொடுப்பார்கள். படித்து முடித்தவர்களுக்குத்தான், அந்தக் காலத்தில் வேறு வேலையில் இருக்கக் கூடாது. கேம்பஸில் கிடைக்கும் முதல் சம்பளமும் பல கல்லூரிகளில் இந்த அளவுதான்.

இவற்றுக்கு டெல்லிக்கு எழுதிப் போட வேண்டியதில்லை. புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேஷன் சென்டர்கள் வழியாகத்தான் பணம் வருகிறது. திருச்சியில் டிரெக்‌-ஸ்டெப் 1986இலிருந்து இருக்கிறது, கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் 1998இலிருந்து. உங்களுக்கு ஆற்றைத் தாண்டினால் ஈரோடு, அங்கிருந்து அரை மணி நேரத்தில் பெருந்துறை. கொங்கு பொறியியல் கல்லூரி வளாகத்திலேயே மத்திய அரசு உதவியோடு தொடங்கிய சென்டர் ஒன்று இயங்குகிறது. எந்த சென்டரில் எந்தத் திட்டத்துக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இணையத்தில் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்காமல் பெண்ணை நேரில் அனுப்புங்கள். டப்பாவையும் எடுத்துப் போகட்டும். இரண்டு திட்டங்களில் எதை முதலில் கேட்பது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

குழுவின் முன்னால் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள். அங்கே பெரிய ஆங்கிலம் எடுபடாது. யாருக்கு இது வேண்டும், எத்தனை பேரிடம் கேட்டாய், ஒரு டப்பா செய்ய எவ்வளவு ஆகும், எவ்வளவு கொடுத்து வாங்குவார்கள், இப்போது எது வேலை செய்யவில்லை என்றுதான் கேட்பார்கள். மூன்றாம் தலைமுறைத் தறிக்காரரின் மகளுக்கு இந்தக் கேள்விகளில் இருக்கிற வசதி வேறு யாருக்கும் கிடைக்காது. ஆறாம் தறியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மாதம், தினமும் எத்தனை முறை இழை அறுந்தது, எத்தனை முறை டப்பா சரியாக நிறுத்தியது, எத்தனை முறை தூசியால் வீணாக நிறுத்தியது, எத்தனை மீட்டர் துணி இரண்டாம் தரமானது என்று நீங்களும் உங்கள் ஆட்களும் எழுதுங்கள். அப்புறம் தெருவில் இன்னும் ஐந்து பேர் தறியில் மாட்டிப் பார்க்கட்டும். கோவையில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் போய் ஒரு முறை காட்டட்டும், நெசவு இயந்திரத்தை அவர்களைவிட அறிந்தவர்கள் இங்கே குறைவு.

ஆனால் இதையெல்லாம் வெளியாட்களிடம் காட்டும் முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் வீடியோ போடலாம் என்றிருக்கிறேன் என்றாள். கூடவே கூடாது. ஊருக்குக் காட்டிவிட்ட பொருளுக்குப் பிறகு காப்புரிமை கேட்பது மிகக் கடினம். தனிநபருக்கு இணையத்தில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். அதைப் போட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். எழுதித் தர ஆள் வைத்தால் அதற்குத் தனியாகச் செலவாகும். கல்லூரியில் செய்த புராஜெக்ட் என்பதால், இதன் மேல் எங்களுக்கு உரிமை இல்லை என்று கல்லூரியிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் விற்க ஆரம்பித்த பிறகு அந்தக் கடிதத்தை வாங்குவது எளிதல்ல.

ஆடிட்டர் சொன்னார் என்று அவசரப்பட்டு மகள் பெயரில் கம்பெனி பதிவு செய்துவிடாதீர்கள். கம்பெனியில் பெரிய பங்கு வைத்திருப்பது இ.ஐ.ஆர். கிடைக்கத் தடையாகலாம். முன்மாதிரி சரியாக வேலை செய்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம். அப்போது மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். தரும் 'டான்சீட்' என்ற தொடக்க நிதி இருக்கிறது. பொதுவாக 10 லட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். அதற்குப் பதிலாகக் கம்பெனியில் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சரில் 2 லட்சம், அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம்.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. அரசு நிதி வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கமிஷன் என்று யாராவது வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். கமிஷன் கொடுத்து வாங்க வேண்டிய பணம் இல்லை இது. பணம் ஒரே தடவையில் வராது. ஒவ்வொரு கட்டமும் முடித்து, பில்லோடு கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை, அதுவும் பல நேரம் தாமதமாகும். தாமதமாகிறதே என்று அம்மாவின் நகையை அடகு வைத்து டப்பாவில் போடக் கூடாது. எம்.எஸ்.ஸுக்கு வீட்டை வைக்காதீர்கள் என்று சொன்ன நான், இதற்கு மட்டும் வைக்கலாம் என்று சொல்ல மாட்டேன். அரசுப் பணம் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ அவ்வளவு தூரம் போகட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள்.

நிதி கிடைக்காமலும் போகலாம், கிடைத்தும் டப்பா தூசியில் தோற்கலாம். அதற்காக வரும் பிப்ரவரியில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வையும் எழுதிவிடட்டும். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். தானே ஒரு பொருளைச் செய்து தோற்ற பெண்ணை அங்கே ஆய்வுக்கூடத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வெளிநாடுதான் வேண்டும் என்று பிறகு அவளுக்கே தோன்றினால், முழு உதவித்தொகையோடு பிஎச்.டி.க்குப் போகட்டும். கடன் வாங்கி வேண்டாம்.

கடைசியாக அவளிடம் கேளுங்கள். நீங்களும் மச்சானும் அறையில் இல்லாதபோது அம்மா கேட்கட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதற்காகவும் அவளை இதில் தள்ளக் கூடாது. டப்பா மேல் ஆசை புராஜெக்ட்டோடு முடிந்துவிட்டது, வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னால் அதுதான் முடிவு, மறுபேச்சு வேண்டாம்.

மச்சானிடம் என்ன சொல்வது என்று கிளம்பும்போது அம்மா கேட்டார். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பெண் ஒரு வருடம் தறியில் வேலை பார்க்கிறாள், டல்லாஸில் துணி ஆலைக்கோ சென்சார் கம்பெனிக்கோ தெரிந்தவர்கள் இருந்தால் தூசிப் பிரச்சினையை அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த மாதம் வரும்போது ஆறாம் தறி நோட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.