கர்ப்பத்தில் சிடி4 எண்ணிக்கை குறைந்தால் எச்ஐவி முற்றுகிறது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. எச்ஐவி தாக்கும் நோய் எதிர்ப்பு செல்களான சிடி4-ஐயோ ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை செல் என்று எண்ணுகிறார்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் கரண்டிக்கு வரும் பருப்பு குறையும், சட்டியில் இருப்பது குறையாது, அதே கதைதான். எச்ஐவி இல்லாத கர்ப்பிணிகளுக்கும் இந்த எண் இறங்கும், பிரசவத்துக்கு அப்புறம் ஏறும்.

அதனால் ரிப்போர்ட்டில் சிடி4 சதவீதத்தையும் பாருங்கள். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் மொத்தத்தில் சிடி4 செல்களின் பங்கு அது. ரத்தம் நீர்த்தாலும் பெரிதாக மாறாது. 520 என்பது 410 ஆகி, சதவீதம் 28-லேயே நின்றால் பதற வேண்டாம். சதவீதமும் சரிந்தால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், குழந்தையைப் பொறுத்தவரை வைரல் லோடுதான், அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவுதான் முக்கியம். சிகிச்சையே இல்லாவிட்டால், தாய்ப்பால் வழியையும் சேர்த்து, தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கருத்தரிக்கும் முன்பிருந்தே மாத்திரை எடுத்து, பிரசவ நேரத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், பிரசவத்தில் தொற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. சிடி4 எவ்வளவு இருந்தாலும் எச்ஐவி மருந்து தரும் இந்திய அரசு ஏஆர்டி மையங்களில் மாத்திரை இலவசம். ஒரு வேளைகூட விடாதீர்கள்.