ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லாமே விண்டோஸ், டேலி கணக்கு சாஃப்ட்வேர், எக்செல். நான் மட்டும் மேக்புக் ஏர் வாங்கி சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனா நீங்க பயப்படற விஷயத்துல பிரச்சனை வராது, வேற இடத்துல வரும். நானும் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லதான் இருக்கேன், சில வருஷமா மேக்லதான் வேலை ஓடுது.

பூட் கேம்ப்ல (மேக்ல விண்டோஸை நேரடியா போட ஆப்பிள் தந்த வசதி) விண்டோஸ் போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா அது பழைய கதை, இன்டெல் மேக்கோட போச்சு. 2020 கடைசில எம்1 வந்ததுக்கப்புறம் வர்ற ஆப்பிள் சிப் மேக் எதுலயும் அது கிடையாது. இப்ப இருக்கற வழி, மேக்குக்குள்ளயே விண்டோஸ் 11ஐ இன்னொரு சாஃப்ட்வேர் மாதிரி திறந்து ஓட்டறதுதான். அப்படி ஓட்டற சாஃப்ட்வேர்ல பேரலல்ஸ்னா காசு கட்டணும், விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பர்லேருந்து எல்லாருக்கும் ஃப்ரீ, ரெண்டுலயும் விண்டோஸ் லைசென்ஸ் தனிச்செலவு, இதை மட்டும் யூட்யூப்காரங்க சொல்லவே மாட்டாங்க. ரேம் 16 ஜிபி இல்லாம வாங்காதீங்க, பழைய ஸ்டாக்ல 8 ஜிபி ஏர் சல்லிசா கிடைக்கும், பின்னாடி ஏத்திக்கலாம்னு நினைச்சா முடியாது, போர்டுலயே சேர்ந்து வருது.

டேலி பிரைம் மேக்குக்குன்னு தனியா இல்ல. ஆனா அந்த விண்டோஸுக்குள்ள நல்லாவே ஓடுது, வேகத்துல நான் குறை சொல்ல மாட்டேன். கடுப்பேத்தறது கீபோர்டுதான். நமக்கு மவுஸ் தொடாமலே விரல் போகுமில்ல, எஃப்5 பேமென்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ்னு? மேக்ல தேதி மாத்த எஃப்2 அமுக்கினா ஸ்கிரீன் வெளிச்சம் ஏறும், சேல்ஸ் என்ட்ரி போட எஃப்8 தட்டினா பாட்டு ஓட ஆரம்பிச்சிடும், பக்கத்து சீட்ல இருக்கறவங்க திரும்பிப் பார்ப்பாங்க. கீபோர்டு செட்டிங்ஸ்ல போய் ஃபங்ஷன் கீயை ஃபங்ஷன் கீயாவே வேலை செய்யற மாதிரி மாத்திடுங்க, வாங்கின அன்னைக்கே. அப்புறம் மேக்புக்ல நம்பர் பேட் கிடையாது, கட்டுக்கட்டா பில்லை வச்சுகிட்டு மேல் வரிசை நம்பர்ல தட்டிப் பாருங்க, சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும். நம்பர் பேட் வச்ச சாதா யுஎஸ்பி கீபோர்டு ஒன்னு வாங்கி மேஜையில போட்டுக்கோங்க.

எக்செல் மேக்குக்கும் இருக்கு, சாதாரண ஷீட்டுக்குப் போதும். ஆனா பவர் பிவட் (பெரிய டேட்டாவை அலசற வசதி) கிடையாது, ஆல்ட் இ எஸ் வின்னு பேஸ்ட் ஸ்பெஷல் அடிச்சுப் பழகின கை கொஞ்ச நாள் தடுமாறும், ஃபார்முலால டாலர் குறி போட எஃப்4 தேடினா அங்க கமாண்ட் டி (T). வருமான வரி எக்செல் யூடிலிட்டி மாக்ரோ ஓடறது விண்டோஸ் எக்செல்லுக்குத்தான், ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூலும் விண்டோஸுக்குத்தான், அதனால எக்செல்லை உள்ள இருக்கற விண்டோஸ்லயும் ஒன்னு போட்டு வைங்க. (தமிழ்ல லெட்டர் அடிக்கிறது மட்டும் மேக்லதான் சுகம், தமிழ்99, அஞ்சல் ரெண்டும் உள்ளயே இருக்கு, எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம்.)

இப்ப நிஜமான தலைவலிக்கு வர்றேன், டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யுஎஸ்பி குச்சி. புரொப்ரைட்டர் கிளையன்ட்னா ஓடிபி வாங்கி ரிட்டர்ன் போட்டுடலாம், பிரைவேட் லிமிடெட்னா டோக்கன் சொருகியே ஆகணும். ஆப்பிள் சிப் மேக்ல ஓடறது ஆர்ம் விண்டோஸ், ஆர்ம் வகை சிப்புக்குன்னு வர்ற விண்டோஸ். சாதா சாஃப்ட்வேரை அது எப்படியோ மொழிபெயர்த்து ஓட்டிடும், டிரைவரை (டோக்கனை விண்டோஸுக்கு அடையாளம் காட்டற சாஃப்ட்வேர்) அப்படி ஓட்டாது, டிரைவர் ஆர்முக்குன்னே எழுதினதா இருக்கணும். டோக்கன் கம்பெனி அப்படி ஒன்னு தரலைன்னா டேலி ஜம்முனு ஓடற அதே ஸ்கிரீன்ல டோக்கன் மட்டும் கண்ணுக்கே தெரியாது, அதுவும் 20ம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடற அவசரத்துல.

அதுக்கு நான் வச்சிருக்கற வழி, ஆபீஸ் மூலையில கிடக்கற ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். டோக்கனை அதுல சொருகிட்டு மேக்லேருந்து அதுக்குள்ள போறது. இங்கயும் ஒரு கண்ணி இருக்கு. மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப்ல போனா (அதுக்கே அந்த மெஷின்ல விண்டோஸ் ப்ரோ வேணும், ஹோம்ல விடாது) அங்க சொருகியிருக்கற டோக்கன் தெரியாது, ஏன்னா அது நம்ம கையில இருக்கற மெஷின்லதான் டோக்கனைத் தேடும், எதிர்ல இருக்கறதைப் பார்க்காது. எனிடெஸ்க் மாதிரி ஒன்னுல போனா அந்த மெஷின் முன்னாடியே உட்கார்ந்த மாதிரிதான், டோக்கன் தெரியும், பின் போட்டு சைன் பண்ணிடலாம். எங்க சார் இதுக்கு சரின்னுட்டார். உங்க சார் கிட்ட லேப்டாப் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, கிளையன்ட் டோக்கனை ஆளில்லாத ரூம்ல சொருகி வச்சுட்டுப் போறதை எல்லா ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டாங்க.