சனி, ஞாயிறு வருவேன் என்று சொல்லுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி முதல் வேலையைப் பற்றியே இருந்தது. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரும் "முன்ன எங்கயாவது வேலை பாத்திருக்கியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். யாரும் வேலையே கொடுக்காமல் அனுபவம் மட்டும் எங்கிருந்து வரும்?
– மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நியாயமான கோபம்தான் தம்பி. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன முறை வந்த பையனுக்கு எந்த ரேக்கில் எது இருக்கிறது, பில் எப்படிப் போடுவது என்று பத்து நாள் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பார், பதினோராவது நாள் அவன் போனை ஆஃப் செய்துவிட்டிருப்பான். இவனும் அதே ரகமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் "இல்ல சார்" என்று நிறுத்திவிட்டால் அவரும் வேறு என்ன சொல்வார்?

உங்களிடம் அனுபவம் இல்லை, சரி. சனி, ஞாயிறு இருக்கிறதே. கூட்டம் அலைமோதுவதும் பழைய ஆட்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று லீவு கேட்பதும் அதே நாட்களில்தான். புதுச்சேரியில் இது இன்னும் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சென்னை, பெங்களூர் கார்கள் வந்து இறங்கிவிடும், ஞாயிறு இரவு வரை ஒயிட் டவுன் கஃபேக்களிலும் மிஷன் வீதி, நேரு வீதிக் கடைகளிலும் ஆள் போதாமல் திண்டாடுவார்கள். செவ்வாய்க்கிழமை அதே கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நீங்கள் வேலை கேட்டுப் போக வேண்டிய நாள், அதுவும் காலை பதினொரு மணிவாக்கில். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, நாலு பேர் பில்லுக்கு நிற்கும்போது போய் நின்றால் விரட்டத்தான் செய்வார்கள்.

போய் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, பி.காம். ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். சனி, ஞாயிறு முழு நாளும் வர முடியும். தீபாவளி முடியற வரைக்கும் நிப்பேன். ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க." பயோடேட்டாவில் "கடின உழைப்பாளி" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டுக்கொடுக்கும் வரிகளை எடுத்துவிட்டு, என்னென்ன கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வர முடியும் என்பதை மேலேயே எழுதுங்கள். புதுச்சேரி என்றால் கடை எத்தனை மணிக்கு மூடுவார்கள், அதற்குப் பிறகு கடலூருக்கு எப்படித் திரும்புவீர்கள் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அனுபவமே இல்லை என்கிறீர்கள், முகூர்த்த நாளில் கேட்டரிங் சப்ளைக்குப் போனதே இல்லையா? போயிருந்தால் அதையும் எழுதுங்கள். முந்நூறு பேர் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடியவனுக்குக் கஃபே மேஜை ஒரு பொருட்டே இல்லை. போனதில்லை என்றால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம், கிளாஸில் யாராவது ஒருவர் கட்டாயம் போய்க்கொண்டிருப்பார். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அந்த வேலை படுத்துவிடும். ஆனால் ஆடியில்தான் ஜவுளிக்கடையில் தள்ளுபடி, மார்கழியில்தான் பொங்கல் வியாபாரம் தொடங்குகிறது. அப்போது அங்கே கேளுங்கள்.

கேள்வி: கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாலையில் கல்லூரி முடிந்து போகிறேன். கால் வலி தாங்க முடியவில்லை, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். பில்லில் குறைந்தது என்று சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவும் சொல்கிறார்கள். நின்றுவிடலாமா?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: மூன்றும் வேறு வேறு விஷயம், ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உட்காருவது உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். புதிதாக வந்த நீங்கள் தனியாகச் சட்டம் பேசப் போக வேண்டாம், அந்த செக்ஷனில் இருக்கும் மூத்த அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், ஸ்டூல் வந்துவிடும். திட்டு பெரும்பாலும் தேடும் நேரத்துக்காகத்தான் விழுகிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் எந்த அடுக்கில் எந்த விலைப் புடவை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பாதி திட்டு குறையும். மீதியையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அசிங்கமாகப் பேசினால் அன்றைக்கே கிளம்புங்கள்.

பிடித்தத்துக்கு வருவோம். எந்தத் தேதி, எந்த பில், எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். கணக்கு காட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வந்த நாள், வந்த நேரம் எல்லாம் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு இஎஸ்ஐ பிடிக்கிறோம் என்றால் உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 8,000 ரூபாய்க்கு 60 ரூபாய். பிடித்தால் உங்கள் இஎஸ்ஐ நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வைப்பு நிதிக்கு பிஎஃப் பிடித்தால் அந்தக் கணக்குக்கான யுஏஎன் நம்பரை வாங்குங்கள், அது அடுத்தடுத்த வேலைக்கும் அதேதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்களுக்கு வேலை போவது பெரும்பாலும் இதில்தான். தீபாவளி வியாபாரம் முடிந்தும் முடியாமலும் நவம்பர் செமஸ்டர் வந்துவிடும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி "நாளைக்கு வரல" என்று மெசேஜ் போட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? டைம்டேபிள் வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் போய் முதலாளி கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: யூனிபார்ம், ட்ரெயினிங் என்று 3,000 ரூபாய் கட்டினால் புதுச்சேரியில் வேலை உறுதி என்கிறார்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– மாணவரின் தாய், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் போதும். டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று வருவதும் ஏமாற்று வேலைதான். பணம் போய்விட்டால் நேரத்தைக் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டிப்ளமோ முடிக்கப்போகிறேன். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் (என்எல்சி) அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகலாமா, சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாமா?
– மாணவர், குறிஞ்சிப்பாடி

பதில்: வீட்டில் இப்போதே சம்பளம் தேவை என்றால் கம்பெனி. ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியும் என்றால் அப்ரண்டிஸ். உதவித்தொகை சம்பளம் அளவுக்கு வராது, முடித்ததும் என்எல்சி வேலை கொடுத்தாக வேண்டும் என்றும் 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் இல்லை, ஊரில் யார் என்ன சொன்னாலும் அதை நம்பி உட்காராதீர்கள். ஆனால் முடித்ததும் கையில் சான்றிதழ் இருக்கும், சிப்காட்டில் அடுத்த முறை "முன்ன எங்க வேலை பாத்த?" என்று கேட்டால் அதை நீட்டலாம். கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் துறை முகாம் நடக்கும் நாளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போகக் காசு கிடையாது. போகும்போது பயோடேட்டா நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள், ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று கேட்பார்கள்.